கடல் கடந்த குடித்தனம்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



விவாகம் முடிந்த சில வாரங்களிலேயே விமானமேறி, அந்நிய தேசத்தில் குடித்தனம் தொடங்கும் நம் பெண்களைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசும்படி சங்கத்தார் நம்மைப் பணித்திருக்கிறார்கள். வரன் பார்க்குங்கால் நாம் எவ்வளவு நுணுக்கமாக விசாரிக்கிறோம் என்பது இச்சபையோர் அறியாததன்று. எந்தக் கோயில், எந்தப் பிரிவு, எந்த வட்டகை, ஜாதகம் எப்படி, சம்பளம் எவ்வளவு என்று ஒன்றுவிடாமல் கேட்கிறோம். ஆனால் மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறார் என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில், மேற்கொண்டு கேட்கவேண்டிய கேள்விகள் நம் நாவிலேயே நின்றுவிடுகின்றன. பெண் எவ்வகை விசாவில் போகிறாள்? அங்கே அவள் உத்தியோகம் பார்க்கச் சட்டம் இடங்கொடுக்கிறதா? அந்நாட்டில் அவள் பெயரில் என்ன இருக்கும்? இவற்றைக் கேட்கும் தகப்பனாரைக் காண்பது அரிதாயிருக்கிறது. கேட்டால் சம்பந்தம் முறிந்துபோகுமோ என்ற அச்சமும் சிலருக்கு உண்டு. கணக்கு வழக்கிலேயே பிறந்து வளர்ந்த ஒரு குலத்தார் இவ்விஷயத்தில் மாத்திரம் கணக்குப் பார்க்கக் கூசுவது வியப்பே.

தேசாந்தரம் போவது நமக்குப் புதிய சங்கதியன்று. கொண்டுவிற்கப் போதல் என்பது நம் முன்னோரின் வாழ்க்கை முறையாக இருந்தது. 1852-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கீழ்ப்பர்மாவைக் கைப்பற்றியதும், 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், பர்மா அரிசி உலகச் சந்தைக்குப் போகத் தொடங்கியதும் நம்மவரை ரங்கூனுக்கும், ஐராவதி நதியின் கழிமுகத்து ஊர்களுக்கும் இழுத்துச் சென்றன. இலங்கை, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று கடைகள் பரவின. சிங்கப்பூர் டாங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலை 1859-லேயே எழுப்பினார்கள். ஆனால் போனவர் ஆண்மக்களே. ஒரு கணக்கு என்பது மூன்று ஆண்டு; அதை முடித்துக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பி, சில காலம் இருந்து, மறுபடியும் கப்பலேறுவார்கள். கிட்டங்கியில் பெட்டியடிக்கு முன் பகலெல்லாம் சம்மணமிட்டு உட்கார்ந்து, இரவில் அங்கேயே பாய் விரித்துப் படுக்கும் வாழ்க்கை அது. அங்கே குடும்பம் நடத்த இடமுமில்லை. நடத்தவேண்டும் என்ற எண்ணமும் பெரும்பாலோர்க்கு இல்லை. ஆச்சிமார் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருந்து கடிதத்தின் வாயிலாகவே ரங்கூனைக் கண்டார்கள்.

அக்காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாடுவோருடன் நாம் சேரோம். மணமான பெண் மூன்று ஆண்டு தபால்காரனை எதிர்பார்த்திருப்பதில் பெருமை ஏதும் இல்லை. எனினும் அவ்வேற்பாட்டில் இரண்டு அம்சங்கள் இருந்தன. அவற்றை நாம் மறந்துவிட்டோம்.

முதலாவது, ஆச்சிபணம். பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொடுத்த சீதனப் பணம் கடையின் பேரேட்டில் அவள் பெயரிலேயே வரவு வைக்கப்படும். அதற்கு வட்டி ஏறும். கடைக்கு முதலாக ஓடிய பணத்தில் இதுவும் ஒரு பங்கு. கணவன் கடலுக்கு அப்பால் இருந்தாலும், அவள் பெயருக்கு ஒரு பற்றுவரவு இருந்தது. நடப்பு வட்டியை விரல்விட்டு எண்ணிச் சொல்லக்கூடிய ஆச்சிமாரை நம்முள் முதியோர் பலர் கண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, வேறு வைத்தல். விவாகமாகிச் சில காலம் சென்றபின் மகனையும் மருமகளையும் தனியே உலை வைக்கச் செய்து, ஆண்டுச் செலவுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்துவிடுவது நம் வழக்கம். ஒரே வளவைச் சுற்றி ஐந்தாறு அடுப்புக்கள் எரியும். இளந்தம்பதிகள் தங்கள் வரவுக்குள் தங்கள் செலவை அடக்கக் கற்பார்கள். தவறினால் கூப்பிடு தொலைவில் மாமியாரும் ஓரகத்திகளும் இருப்பார்கள். தனிக்குடித்தனத்தையும் துணையையும் ஒருங்கே தந்த ஏற்பாடு அது. இன்று நியூ ஜெர்ஸியிலோ டெக்ஸாஸிலோ நம் பெண்ணை நாம் வைப்பதும் வேறு வைத்தலே. ஆனால் அங்கே வளவு இல்லை. பால் பொங்கி வழிந்தாலும், கண்ணீர் வழிந்தாலும் எட்டிப் பார்ப்பவர் இல்லை. இவ்விரண்டு அம்சங்களுள் துணை என்பது தூரத்தினால் போயிற்று. அதற்கு எவரையும் குறை சொல்வதற்கில்லை. பெண் பெயரிலிருந்த பற்றுவரவு போனதற்குத் தூரம் காரணமன்று. நம் அசிரத்தையே காரணம்.

இனி எழுத்து என்னும் விஷயத்திற்கு வருவோம். நம் விவாகங்களில் இசைகுடிமானம் எழுதும் வழக்கம் உண்டு. முன்னே ஓலையில் எழுதினார்கள். பின்னே காகிதத்தில் எழுதுகிறார்கள். கோயிலிலிருந்து மாலை வருகிறது. புதுப்புள்ளி கோயில் கணக்கில் ஏறுகிறது. விவாகம் என்பது வாய்ச்சொல்லோடு நில்லாமல் எழுத்தில் நிற்கவேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். ஆனால் நம் எழுத்து நம் ஊர் எல்லைக்குள் செல்லும். கடலுக்கு அப்பால் உள்ள அதிகாரிக்கு அவனுடைய சட்டம் கேட்கும் எழுத்து வேண்டும். இதன் அருமையை உணர, தென்னாப்பிரிக்காவில் நடந்ததொரு சரித்திரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

1913-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14-ஆம் நாள், கேப் மாகாணத்து உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் என்பவர் ஒரு தீர்ப்புக் கூறினார். அங்கு வாழ்ந்த இந்தியர் ஒருவரின் மனைவி, தம் கணவருடன் வாழ்வதற்காகக் கப்பலில் வந்தார். அவரை இறங்கவிட அதிகாரிகள் மறுத்தனர். பலதாரத்தை அனுமதிக்கும் மதத்தின் முறைப்படி நடந்த விவாகத்தை அந்நாட்டுச் சட்டம் விவாகமாக ஏற்காது என்பது தீர்ப்பின் சாரம். இதன் பயன் என்ன? அந்நாட்டில் இருந்த இந்து, முஸ்லிம், பார்சி ஸ்திரீகள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணுக்கு மனைவியர் அல்லாதவராகிவிட்டனர். கழுத்தில் தாலி இருக்கிறது. மடியில் குழந்தை இருக்கிறது. ஆயினும் மனைவி என்ற பெயர் இல்லை!

காந்தியடிகள் அதுவரை பெண்களைச் சத்தியாக்கிரகத்தில் இறக்கியதில்லை. இத்தீர்ப்புக்குப் பின் பெண்களே இறங்கினர். அவ்வாண்டு செப்டம்பரில் கஸ்தூரிபாய் அம்மையாரும் மற்றையோரும் எல்லை கடந்து சிறை புகுந்தனர். டால்ஸ்டாய் பண்ணையைச் சேர்ந்த பதினொரு பெண்கள், அவர்களுள் ஒருவர் நீங்கலாக மற்றெல்லாரும் தமிழர், சிலர் கைக்குழந்தையோடு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்திற்குச் சென்று தொழிலாளரிடையே பேசினர். அக்டோபரில் சுரங்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அப்பெண்களுக்கு மூன்று மாதம் கடுங்காவல் கிடைத்தது. பின்னர்ச் சிறை சென்ற வள்ளியம்மை என்னும் பதினாறு வயதுப் பெண், காய்ச்சலோடு வெளிவந்து 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் உயிர் நீத்தாள். தில்லையாடி என்னும் ஊர்ப்பெயரோடு நாம் இன்றும் நினைப்பது அவளைத்தான். அவ்வாண்டிலேயே நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம், ஒருதார விவாகங்களை விவாகமாக ஏற்றது. தலைவரிப் பணம் என்னும் மூன்று பவுன் வரியும் ஒழிந்தது. பள்ளிப் பாடத்தில் வரியைப் பற்றியே பெரிதும் சொல்கிறார்கள். 'மனைவி' என்ற சொல்லுக்காகப் பெண்கள் சிறை புகுந்தது அங்கே ஓரிரு வரியில் அடங்கிவிடுகிறது. அது நமக்குச் சம்மதமில்லை.

அவ்வளவு விலை கொடுத்து அவர்கள் பெற்ற எழுத்தை இன்று நாம் மிக எளிதாகப் பெறலாம். விவாகப் பதிவு கட்டாயமாக்கப்பட வேண்டுமென்று 2006-இல் உச்சநீதிமன்றம் பணித்தது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விவாகம் நடந்த 90 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும். அபராதக் கட்டணத்துடன் இன்னும் 60 நாள் உண்டு. பிற நாட்டில் செல்லுபடியாக வேண்டின், அச்சான்றின்மேல் அபாஸ்டில் என்னும் முத்திரை பெறவேண்டும். அதற்குரிய ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005-இல் சேர்ந்தது. இவ்வளவு சௌகரியம் இருந்தும், விசாவுக்கு மனுச்செய்யும் தறுவாயில்தான் பதிவுக்கு ஓடுகிறார்கள். பந்தற்காலுக்கு நாள் பார்க்கிறோம். பதிவுக்கு நாள் பார்ப்பதில்லை.

எழுத்து கிடைத்து, பெண்ணும் போய்ச் சேர்ந்தாள் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் எச்-1பி விசாவில் பணிபுரிபவரின் மனைவிக்கு எச்-4 விசா கிடைக்கிறது. அதில் அவள் படிக்கலாம். ஆனால் தனி அனுமதி இன்றி ஊதியத்திற்கு வேலை செய்யலாகாது. கணவனின் நிரந்தர வாசத்துக்காக முதலாளி கொடுத்த மனு ஏற்கப்பட்டிருந்தால் மனைவியும் வேலை அனுமதி கேட்கலாம் என்று 2015-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள் முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. அவ்விதியை எதிர்த்து நெடுங்காலம் வழக்கு நடந்தது. ஆட்சி மாறினால் இத்தகைய விதியும் மாறக்கூடும்; ஆதலால் புறப்படுமுன் அன்றைய நிலையை விசாரித்தறிவது அவசியம். மேலும், புதிதாய்ப் போன மாப்பிள்ளைக்கு அம்மனு ஏற்கப்பட்டிராது. ஏற்கப்பட்டாலும், ஆண்டுதோறும் வழங்கும் நிரந்தர வாச அனுமதிகளில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்க்கும் நூற்றுக்கு 7-க்குமேல் பொதுவாகக் கிடையாது என்பது அந்நாட்டுச் சட்டம். இந்தியர் வரிசை மிக நீளமானது.

இங்கே பொறியியலோ கணக்கியலோ படித்து, கைநிறையச் சம்பளம் வாங்கிய பெண், அங்கே சென்று நாலு சுவருக்குள் பகலைக் கழிக்கிறாள். வேலை அனுமதி இல்லாதவளுக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைப்பதில்லை. அவ்வெண் இன்றி அங்கே ஒருவருக்கு நாணயம் என்பதை ஏற்படுத்திக்கொள்வது கடினம். நம் குலத்தாருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஒருவன் உண்டியல் எழுதினால் அது செல்லுமா செல்லாதா என்பதே நம் முன்னோர்க்கு அவனுடைய அளவுகோல். அந்நாட்டிலும் அப்படியே, வாங்கிய கடனை ஒழுங்காகத் திருப்பிய வரலாறு உடையவனுக்கே வீடும் வண்டியும் எளிதில் வாடகைக்குக் கிடைக்கும். எல்லாம் கணவன் பெயரில் இருந்தால், பத்து ஆண்டு அங்கே வாழ்ந்த மனைவிக்கும் ஒருநாள் தனியே நிற்க நேர்ந்தால், நேற்று வந்து இறங்கியவளின் நாணயமே இருக்கும். பேருந்து வசதி இல்லாத ஊர்களில் வண்டி ஓட்டும் உரிமம் இல்லாதவள் கடைக்குக்கூடக் கணவன் கையை எதிர்பார்க்க வேண்டியவளே.

எல்லா நாடும் ஒரேவிதம் அன்று. சிங்கப்பூரில் முன்னே சார்ந்து வாழ்வோர் அனுமதியில் இருந்த மனைவி, முதலாளி பெற்றுத்தரும் ஓர் ஒப்புதற் கடிதத்தோடு வேலை பார்க்கலாம். 2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல், சொந்தத் தொழில் நடத்துவோர் சிலர் நீங்கலாக, அவளும் தன் தகுதியிலேயே தனி வேலை அனுமதி பெறவேண்டும் என்றாகிவிட்டது. பிரிட்டனில் திறமைத் தொழிலாளர் விசாவில் மனைவியை அழைத்துச்செல்ல இடமுள்ளவரின் மனைவி தாராளமாக வேலை பார்க்கலாம். ஆனால் அங்கே நிரந்தரமாகக் குடியேறியவர் இங்கிருந்து பெண் கொண்டு போகவேண்டுமானால், காட்டவேண்டிய ஆண்டு வருமானம் 2024 ஏப்ரலில் 18,600 பவுனிலிருந்து 29,000 பவுனாக உயர்த்தப்பட்டது. இரண்டு மாப்பிள்ளைகளின் சம்பளம் ஒன்றாயிருந்தாலும், பெண்ணின் வாழ்வு இரு நாட்டில் இருவிதமாக அமையும் என்பதைச் சம்பந்தம் பேசுவோர் மனத்திற் கொள்ளவேண்டும்.

ஆண்மக்களுக்கும் ஒரு வார்த்தை. கிட்டங்கியில் சமையற்காரர் இருந்தார். நும் அடுக்குமாடி வீட்டில் இல்லை. முதல் பனிக்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டி, மறுநாள் எட்டு மணிவரை விடியாத ஊரில், பகல் முழுதும் ஒருவரிடமும் தமிழ் பேசாமல் இருந்த பெண், நீர் வந்ததும் பேசத்தான் செய்வாள். களைப்பு என்று சொல்லிக் கைபேசியில் முகம் புதைப்பது நியாயமன்று. அவளை வண்டி ஓட்டப் பழக்குவதும், நூல்நிலையத்திற்கும் கல்லூரிக்கும் வழி காட்டுவதும், வங்கியில் அவள் பெயரையும் சேர்ப்பதும் முதல் மாதத்திலேயே செய்யவேண்டிய காரியங்கள். இவற்றைத் தாமே முன்னின்று செய்யும் பிள்ளைகள் நம்முள் மிகப் பலர் உண்டு. அத்தகையோர் வீட்டிற்கு நாம் சென்றபோது, வேலை அனுமதி வருமளவும் மேற்படிப்புப் படித்து, அனுமதி வந்த மாதமே உத்தியோகத்தில் அமர்ந்த பெண்களைக் கண்டு மகிழ்ந்திருக்கிறோம்.

கசப்பானதையும் சொல்லத்தான் வேண்டும். விடுமுறைக்கென்று மனைவியை ஊருக்கு அழைத்துவந்து, அவள் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு தான் மாத்திரம் திரும்பிப் போய்விடும் கயவரும் நாட்டில் உண்டு. பின்னர் அங்கேயே விவாக ரத்துக்கு மனுச்செய்து தீர்ப்பும் வாங்கிவிடுவார்கள். மனைவி அந்நீதிமன்றத்துக்கு மனமொப்பி உட்படாமலும், நம் விவாகச் சட்டம் ஒப்பாத காரணத்தின்மேலும் பெற்ற அந்நியத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று 1991-இல் உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. ஆகவே வெளிநாட்டுக் காகிதம் ஒன்று தபாலில் வந்தால், எல்லாம் முடிந்தது என்று பெண்வீட்டார் அழுது உட்காராமல் வக்கீலைப் பார்க்கவேண்டும். இத்தகைய புகார்களைக் கவனிக்கத் தேசிய மகளிர் ஆணையத்தில் 2009 முதல் ஒரு தனிப்பிரிவு இருக்கிறது. வெளிநாட்டு இந்தியர் விவாகங்களுக்கென முழுமையான ஒரு சட்டம் வேண்டுமென்று 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையம் தன் 287-ஆம் அறிக்கையில் பரிந்துரை செய்தது. அமெரிக்காவில் எச்-4 விசாவில் இருந்து கணவனால் துன்புறுத்தப்படும் பெண், தானே வேலை அனுமதி கோர 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி செய்திருக்கிறது. ஆபத்து வேளையில் அழைக்க வேண்டிய எண் அங்கே 911. இதைப் பெண்ணுக்குச் சொல்லி அனுப்புவது அபசகுனம் என்று நினைப்போர், அவள் பெட்டியில் காய்ச்சல் மாத்திரை வைத்து அனுப்புவதையும் நிறுத்தவேண்டும்.

சீதனத்தைப் பற்றி ஒன்று. 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் வரதட்சணை கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியிருக்கிறது. அதையும் மீறிப் பிறர் வாங்கியது எதுவாயினும், மூன்று மாதத்திற்குள் பெண்ணிடம் ஒப்படைக்கவேண்டும் என்றும் அது விதிக்கிறது. ஸ்திரீதனம் முற்றிலும் பெண்ணுடைமையே என்று 1985-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. நம் ஆச்சிபணத்தின் தத்துவமும் இதுவே. ஆகவே பெண்ணுக்கென்று கொடுக்க விரும்புவோர், சாமான் பரப்பி வைத்துக் காட்டும் ஆடம்பரத்தைக் குறைத்து, அத்தொகையை அவள் ஒருத்தி பெயரில் இங்கே வங்கியில் போட்டுவைக்கட்டும். எவர் தயவையும் நாடாமல் ஒருமுறை ஊர் வந்து திரும்புவதற்கும், ஓர் ஆண்டுப் படிப்பிற்கும் போதுமானதாயிருந்தால் நலம். கழுத்துருவைக் கடல் கடத்த வேண்டுவதில்லை. அவள் பெயரில் எடுத்த பெட்டகத்தில் அது இங்கேயே இருக்கலாம்.

இவற்றை முன்னிட்டு இச்சபையின் முன் நாம் ஒரு யோசனை வைக்கிறோம். இசைகுடிமானம் எழுதும் அதே நாளில், சர்க்கார் பதிவுக்கான படிவத்திலும் மணமக்கள் கையொப்பமிடும் வழக்கத்தை ஏற்படுத்துவோம். பேசிமுடிக்கும்போதே, பெண் போகவிருக்கும் விசா இன்னது, அதில் வேலை பார்க்க இடம் உண்டு அல்லது இல்லை, இல்லையானால் அதுவரை அவள் படிக்கப்போவது இன்னது, அதன் செலவு யாருடையது என்று நாலு வரி எழுதி இருவீட்டாரும் வைத்துக்கொள்ளட்டும். மாப்பிள்ளை வீட்டாரை அவமதிப்பதாகும் என்று சிலர் கூறலாம். எழுத்து வாங்குவது அவமதிப்பானால், நம் முன்னோர் ஒருவரோடொருவர் கொடுக்கல் வாங்கலே செய்திருக்க முடியாது. அந்தந்த நாட்டில் வாழும் நம்மவருள், புதிதாய் வரும் பெண்ணை முதல் மாதத்திற்குள் நேரிற் சென்று பார்க்கச் சம்மதிக்கும் ஆச்சிமாரின் பெயர்ப்பட்டியல் ஒன்றையும் சங்கம் தயாரிக்கவேண்டும். அங்கே இல்லாத வளவுக்கு அது ஒருவாறு ஈடாகும்.

தீர்மானத்தின் வாசகம் காரியதரிசியிடம் இருக்கிறது. 'செலவு யாருடையது' என்ற வரியில் செயற்குழுவில் இருவருக்கு அபிப்பிராய பேதம் உண்டு. அவர்கள் இப்போது பேசுவார்கள். அவர்கள் பேசி முடித்தபின் ஆச்சிமார்களும் தங்கள் கருத்தைச் சொல்லவேண்டுமென்று கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.